குண்டெழுத்து

ஏரல் கடைத்தெருவில் நடக்கிறவர்களில் சிலர் வாழைத்தார் விலையைக் கவனிப்பார்கள். சிலர் ஜவுளிக் கடை வாசலில் தொங்கும் சேலைகளைக் கவனிப்பார்கள். நாமோ சுவர்களைப் பார்த்துக்கொண்டே நடப்போம். இதனால் இரண்டு முறை சைக்கிளில் மோதியிருக்கிறோம். ஒரு முறை, வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஓர் எருமையின்மீதும் மோதியிருக்கிறோம். "வாத்தியார் ஏதோ பெரிய சிந்தனையில் போகிறார்" என்று ஊரார் பெருந்தன்மையோடு சொல்லிவிடுகிறார்கள். சிந்தனையும் இல்லை, ஒன்றும் இல்லை. சுவரில் உள்ள எழுத்துக்களைத்தான் பார்க்கிறோம். என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்ப்பதில்லை. எழுத்து எப்படி நிற்கிறது, எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கிறோம்.

நேயர்கள் எல்லோருக்கும் தெரிந்த எழுத்துத்தான் அது. கோயில் கொடை நோட்டீஸின் தலைப்பில் இருக்கும். நாடகக் கொட்டகை விளம்பரத்தில் இருந்தது. கல்யாண அழைப்பிதழின் நெற்றியில் இருந்தது. தடித்த, உருண்ட, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்த பெரியவரைப் போன்ற எழுத்து. மூலை முடுக்கு ஒன்றும் கிடையாது. முனைகளெல்லாம் மழுங்கி வழவழவென்றிருக்கும். எங்கள் பக்கத்தில் அதற்குக் குண்டெழுத்து என்று பெயர். சாஸ்திரோக்தமான பெயர் வேறு இருக்கலாம். நம் தகப்பனார் அந்தப் பெயரையே சொல்வார். அவர் சொன்னால் நமக்கு அது போதும். ஏனென்றால் ஏரலில் ஓர் அச்சுக்கூடத்தில் நாற்பத்தோரு வருஷம் அச்சுக் கோத்தவர் அவர்.

எழுத்து விஷயத்தில் எங்கள் தாமிரபரணிக் கரைக்காரர்களுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதை மன்னிக்க வேண்டும். ஏரலுக்குப் பக்கத்தில்தான் கொற்கை இருக்கிறது. முத்துக்குப் பெயர்போன அந்தப் பாண்டியத் துறைமுகத்தில் மண்ணைத் தோண்டியபோது பண்டை எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்தன. ஆற்றோடு இன்னும் கிழக்கே போனால், ஆறு கடலில் விழும் இடத்தில் புன்னைக்காயல். அங்கே பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியப் பாதிரியார் ஒருவர் இருந்தார். அண்டிரிக் அடிகளார் என்று தமிழில் சொல்வார்கள். தமிழைக் கற்று, தமிழிலேயே எழுதி, 1600-ஆம் ஆண்டில் இந்தக் கடற்கரையிலேயே கண்ணை மூடினார். அவர் தமிழில் ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்கப் புத்தகம் 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் தேதி கொல்லத்தில் அச்சாயிற்று. இந்திய மொழி ஒன்றின் எழுத்தை இந்திய மண்ணில் அச்சில் ஏற்றிய புத்தகங்களில் இன்று நம் கைக்குக் கிடைத்திருப்பவற்றுள் அதுவே முதலாவது. அந்த வேலைக்குப் பொருள் கொடுத்தவர்கள் இந்தக் கடற்கரையின் பரதவர்கள். 1586-ல் வெளிவந்த அவருடைய 'அடியார் வரலாறு' புன்னைக்காயலிலேயே அச்சாயிருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். ஆக, எங்கள் ஆற்றின் முகத்துவாரத்தில், முத்துச் சிப்பியும் கருவாடும் காய்ந்த மணலில், நானூற்று முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவர் ஈய எழுத்தைக் கையில் எடுத்துத் தலைகீழாக அடுக்கியிருக்கிறார்! நம் தகப்பனாருக்கு இந்தச் செய்தியைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "அப்பவும் ழ பத்தாமத்தான் இருந்திருக்கும்" என்றார். இந்தப் பதிலின் உள்ளர்த்தம் பின்னால் விளங்கும்.

'தம்பிரான் வணக்கம்' எழுத்துக்களுக்குப் புள்ளி கிடையாது. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும். ஆகவே ஓலையில் எழுதியவர்கள் புள்ளியை விட்டுவிடுவார்கள். அதைப் பார்த்து அச்சு வார்த்தவர்களும் விட்டுவிட்டார்கள். ஓலையின் நரம்போடு நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும். அதனால்தான் நம் எழுத்து இப்படி வளைந்து வளைந்து உருண்டு போயிற்று என்றும் சொல்வார்கள். உருளுவது நம் எழுத்தின் ஜாதக விசேஷம். ஆனால் குண்டாக இருப்பது அப்படியல்ல. எழுத்தாணி கீறிய கோடு முழுக்க ஒரே மெல்லிய கோடு. சதை போட்டது அச்சுக்கு வந்த பிறகுதான். அதுவும் உடனே அல்ல. தரங்கம்பாடியில் 1713-ஆம் ஆண்டுவாக்கில் சீகன்பால்கு ஐயர் அச்சுக்கூடம் வைத்தபோது, ஜெர்மனியில் ஹாலே நகரத்திலிருந்து வந்த தமிழ் எழுத்துக்கள் மிகப் பெரியவையாக இருந்தன; காகிதமோ அருமையான சரக்கு. பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கிப் பொறையாற்றில் சின்ன எழுத்து வார்த்துக்கொண்டார்கள் என்பது சரித்திரம். அதன் பிறகு அச்சு வேலைக்காரர்களின் கவனம் எல்லாம் எழுத்தை எப்படிச் சிறுக்க வைப்பது என்பதிலேயே இருந்தது. வேதப் புத்தகத்துக்கும் அகராதிக்கும் குண்டெழுத்து எதற்கு?

குண்டெழுத்தைக் கொண்டுவந்தது விளம்பரம். இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாட்டரிச் சீட்டு விற்கிறவர்கள் சுவரில் ஒட்டும் காகிதத்துக்காகப் பருத்த எழுத்துக் கேட்டார்கள். ராபர்ட் தார்ன் முதலிய வார்ப்புக்காரர்கள் செய்து கொடுத்தார்கள். சாண் அளவு எழுத்தை ஈயத்தில் வார்த்தால் தூக்க முடியாது, விலையும் கட்டாது. 1827-ல் அமெரிக்காவில் டேரியஸ் வெல்ஸ் என்பவர் மரத்தில் எழுத்துக் குடையும் யந்திரத்தைக் கொண்டுவந்து அந்தக் கஷ்டத்தைத் தீர்த்தார். பிறகு 1922-ல் சிகாகோ நகரத்தில் ஆஸ்வால்ட் கூப்பர் என்ற சித்திரக்காரர் செய்த 'கூப்பர் பிளாக்' என்ற எழுத்து உலகத்தையே ஒரு கலக்குக் கலக்கிவிட்டது. ஆங்கில எழுத்தின் கால்களில் மிதியடி போட்டது போலச் சிறு நீட்டல் இருக்குமே, அதற்கு அவர்கள் ஸெரிப் என்று பெயர் சொல்கிறார்கள். கூப்பர் அந்த மிதியடியை விடவில்லை. ஆனால் அதன் முனையையெல்லாம் மழுக்கி, அடியையும் சற்றே வளைத்துவிட்டார். ஓர் எழுத்தும் தட்டையாகத் தரையில் நிற்காது. எல்லாம் தொட்டிலில் ஆடுகிற மாதிரி இருக்கும். தூரத்தை அறிந்த அச்சுக்காரருக்கும், கிட்டத்துப் பார்வை மட்டுமே உள்ள வாடிக்கைக்காரருக்கும் ஏற்ற எழுத்து இது என்று அவரே வேடிக்கையாகச் சொன்னாராம். நூறு வருஷம் கழிந்தும் அந்த எழுத்து ஓய்வு பெறவில்லை; கம்ப்யூட்டருக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

இந்த அமெரிக்கக் குண்டரைப் பார்த்துத்தான் நம் ஊர்க் குண்டெழுத்து பிறந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. இரண்டுக்கும் ஒரே காரணம் என்றுதான் தோன்றுகிறது. மட்டமான காகிதம், நீர்த்துப்போன மை, தேய்ந்த யந்திரம், தெருவில் போகிற ஆசாமியின் அவசரம்: இந்த நான்குக்கும் ஈடுகொடுக்க வேண்டுமானால் எழுத்துக்குக் கூர்முனை இருக்கக் கூடாது. கூர்முனை முதலில் உடையும். மெல்லிய கோடு அடுத்தபடி நசுங்கும். உருண்டது நிற்கும்.

ஆனால் தமிழெழுத்தைக் குண்டாக்குவதில் ஒரு தொல்லை இருக்கிறது. ஆங்கிலக்காரனுக்கு இருபத்தாறு பெரிய எழுத்துச் செய்தால் தலைப்புக் கட்டிவிடலாம். நமக்கு உயிர், மெய், உயிர்மெய், கொம்பு, கால் எல்லாம் சேர்த்து நூற்றிருபதுக்குக் குறையாமல் துண்டுகள் வேண்டும். மேலும் நம் எழுத்துக்களின் வயிற்றுக்குள்ளே சுழிகள் இருக்கின்றன. ண-வைப் பாருங்கள், ஞ-வைப் பாருங்கள். சதை போடப் போடச் சுழி அடைத்துக்கொள்ளும். அடைத்த சுழியில் மை தேங்கும். தேங்கிய மை எழுத்தைக் கருப்பட்டி வட்டு மாதிரி ஆக்கிவிடும். நம் தகப்பனார் கையில் எப்போதும் ஒரு குண்டூசியும் மண்ணெண்ணெய் நனைத்த துணியும் இருக்கும். ஒவ்வொரு நாள் மாலையும் எழுத்துக்களின் கண்ணைக் குத்தித் துடைப்பார். "கண்ணு தொறந்திருந்தாத்தான் எழுத்து" என்பது அவருடைய வாக்கு.

அவர் 1964-ல் பதினாறு வயதில் அந்த அச்சுக்கூடத்தில் வேலைக்குப் போனார். ஒரு டிரெடில் மெஷின், இரண்டு வரிசை எழுத்துக் கேஸ்கள், மூலையில் ஒரு பசைச் சட்டி. முதலாளி தூத்துக்குடியில் எங்கோ பழைய சரக்காக வாங்கி வந்த மர எழுத்துக்கள் ஒரு தட்டு. அதுதான் குண்டெழுத்து. தகப்பனார் எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆயினும் ஊரில் பிறந்தவர்கள், பெயர் சூட்டப்பட்டவர்கள், மணம் முடித்தவர்கள், மாண்டவர்கள் எல்லோரும் அவர் விரல் வழியாகத்தான் காகிதத்துக்குப் போனார்கள். வீட்டில் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துப் படிப்பார். நேராகப் பிடித்தால்தான் அவருக்குத் தடுமாறும். நகக்கண்களில் எப்போதும் கறுப்பு. அரப்பு, சீயக்காய், மண்ணெண்ணெய் ஒன்றுக்கும் அது போகாது.

1978-ல் அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தது. பெரியார் 1935 முதலே தம் 'குடி அரசு' பத்திரிகையில் கையாண்டு வந்த முறை அது. துதிக்கை தூக்கிய பழைய லை, ணை முதலியவையும், சுழித்துத் தொங்கிய பழைய ணா, றா, னா முதலியவையுமாகப் பதின்மூன்று எழுத்துக்களின் பழைய வடிவத்துக்கு வேலை போயிற்று. அச்சுக் கோப்பவர்களுக்கு அது ஒரு விதத்தில் சௌகரியம். கேஸில் சில அறைகள் மிச்சம். தகப்பனார் அந்தப் பழைய மர எழுத்துக்களைத் தூர எறியவில்லை. ஒரு பனையோலைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். "பென்ஷன் வாங்குற எழுத்து" என்பார்.

நாம் பிறந்தது அடுத்த வருஷம்.

இனி நம் வெட்கத்தைச் சொல்ல வேண்டும். நமக்கு வயது பதினாலு, ஒன்பதாம் வகுப்பு. ஆனி மாதம். பக்கத்துக் கிராமம் ஒன்றில் அம்மன் கோயில் கொடை. நோட்டீஸ் எங்கள் தகப்பனார் வேலை பார்த்த அச்சுக்கூடத்தில் அச்சாகி, ரோஸ் காகிதத்தில் ஊரெல்லாம் பறந்தது. தலைப்பில் குண்டெழுத்தில் 'கொடை விளா' என்று இருந்தது. வகுப்பு ஆசிரியர் ஒருவர் அந்த நோட்டீஸை வகுப்புக்குக் கொண்டுவந்தார். நல்ல தமிழ் படித்தவர்; நல்ல மனிதருந்தான். அன்று அவருக்கு உற்சாகம். "விளா என்பது ஒரு மரம். அதில் விளாங்காய் காய்க்கும். கொடை விளா என்றால் என்ன? அம்மனுக்கு விளாங்காய் படைக்கப் போகிறார்களோ?" என்றார். வகுப்பு முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. "ழகரம் தெரியாதவனெல்லாம் அச்சுக் கோக்க வந்துவிட்டான்" என்று முடித்தார். அதைக் கோத்தவரின் பிள்ளை மூன்றாவது பெஞ்சியில் இருப்பது அவருக்குத் தெரியாது. நாமும் சிரித்தோம். மற்றவர்களைக் காட்டிலும் பலமாகச் சிரித்தோம், யாரும் நம்மைத் திரும்பிப் பார்த்துவிடக் கூடாதே என்று.

மாலையில் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த தகப்பனார் முன்னால் நோட்டீஸைப் போட்டோம். "ழவும் ளவும் தெரியாமலா அச்சுக் கோக்கிறீங்க? பள்ளிக்கூடத்தில எனக்கு மானம் போகுது" என்றோம். அவர் நோட்டீஸைப் பார்க்கவில்லை. சோற்றைத் தின்று முடித்தார். கை கழுவினார். வேட்டியில் துடைத்துக்கொண்டு வெளியே போனார். அம்மாதான் நம்மை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றைக்கும் முழுதாக நினைத்துப் பார்க்கத் தைரியம் இல்லை.

அடுத்த நான்கைந்து இரவு அவர் வீட்டுக்கு நேரங்கழித்து வந்தார். ஏன் என்று நாம் கேட்கவில்லை. ஆடி மாதம் சுவர்களில் புது நோட்டீஸ் வந்தது. எங்கள் ஊரில் ஆடி அமாவாசை பெரிய திருநாள். இந்த ஊரின் சேர்மனாக இருந்து, 1908-ஆம் ஆண்டு ஆடி அமாவாசையில் மறைந்து, ஆற்றங்கரையில் தெய்வமாகக் கும்பிடப்படுகிற அருணாசல சுவாமியின் கோயிலுக்குத் திசையெங்கும் இருந்து ஜனங்கள் வருவார்கள். கூட்டத்துக்குப் பானகம் கொடுக்கிறவர்களும் கடை போடுகிறவர்களும் நோட்டீஸ் அடிப்பார்கள். அப்படி ஒரு நோட்டீஸில் 'திருவிழா' என்று இருந்தது. ழ இருந்தது! ஆனால் மற்ற எழுத்துக்களைப் போல இல்லை. வயிறு சற்றுப் பெரிது. மேலே இளைத்து, வலப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து, பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குகிறவன் மாதிரி இருந்தது. நமக்குப் புரிந்துவிட்டது. தகப்பனார் அந்த ழ-வைத் தாமே செதுக்கியிருக்கிறார்.

புரிந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினாலு வயதின் குணம் அது. பதினைந்திலும் பேசவில்லை; திருநெல்வேலியில் பட்டப் படிப்புப் படித்தபோதும் பேசவில்லை; வேலைக்கு வந்து கரும்பலகையில் ஆயிரம் முறை ழ எழுதியபோதும் பேசவில்லை. அந்தச் சாய்ந்த ழ பன்னிரண்டு வருஷம் ஏரல் சுவர்களில் நின்றது. கல்யாண வீட்டில் நின்றது. கட்சிக் கூட்டத்தில் நின்றது. இரங்கல் நோட்டீஸில் 'ஆழ்ந்த' என்பதற்குப் புள்ளி ஒட்டிக்கொண்டு நின்றது. ஊரில் வேறு யாருக்கும் அது சாய்ந்திருப்பது தெரியாது. நாம் சுவரைப் பார்த்து நடக்கக் கற்றுக்கொண்டது அப்போதுதான். 2005-ல் அச்சுக்கூடத்தைப் பூட்டினார்கள். ஆப்செட்டும் கம்ப்யூட்டரும் பிளெக்ஸும் வந்த பிறகு டிரெடிலுக்கு யார் வருவார்கள்? முதலாளி காலமானார். அவருடைய பிள்ளைகள் வெளியூரில். எழுத்துக்கள் தட்டுக்களிலேயே கிடந்தன. தகப்பனாருக்கு வயது ஏற ஏறக் கண் நீரழுத்தம் வந்து, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி அடைந்துவிட்டது.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் தொண்ணூறு சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஒரு வருஷம் முழுவதும் பெய்ய வேண்டியது அது. தாமிரபரணி கரை மீறிற்று. ஏரலில் பாலத்தை ஒட்டிய சாலையை ஆறு அறுத்துக்கொண்டு போயிற்று. கடைத்தெரு முழுவதும் தண்ணீர். ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கொடிக்கால்கள் நீரில் அழுகி நின்றன. வாழைத் தோட்டங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்கள் வீடு சற்று மேட்டில் இருப்பதால் முழங்கால் அளவோடு தப்பியது. சில நாள் விளக்கும் இல்லை, செய்தியும் இல்லை.

தண்ணீர் வடிந்த பிறகு தகப்பனார் கேட்ட முதல் கேள்வி, "பிரஸ் என்னாச்சு?" என்பது.

"போய்ப் பார்க்கிறேன்" என்றோம்.

"நானும் வாரேன்."

"அப்பா, முழங்கால் சேறு. உங்களுக்குக் கண்ணு தெரியாது."

"சேத்துக்குக் கண்ணு எதுக்கு, எய்யா?" என்றார்.

கையைப் பிடித்துக் கூட்டிப் போனோம். முதலாளியின் மகன் ஒருவர் வந்து கதவை உடைத்துத் திறந்து வைத்திருந்தார். பாவம், அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை; அவர் வீட்டிலும் வெள்ளம். ஈய எழுத்துக்களைப் பழைய இரும்புக்காரருக்குப் பேசி முடித்திருந்தார். சென்னையில் காயலான் கடை என்பார்கள். காயல் ஊருக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு நாம் அப்படிச் சொல்வதில்லை. ஈயமும் ஆன்டிமணியும் வெள்ளீயமும் கலந்த அந்த எழுத்துக்கள் சேற்றுக்குள் அப்படியே கிடந்தன. கனமானவை, எங்கே போகும்? மண்வெட்டியால் அள்ளிச் சல்லடையில் போட்டு அலசி, சாக்கில் கட்டித் தராசில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அ-வுக்கும் ஃ-க்கும் ஒரே விலை.

மர எழுத்துக்களின் கதை வேறு. அவை மிதந்துவிட்டன. கூரை உயரத்துக்கு ஏறிய தண்ணீரில் அறை முழுவதும் சுற்றி, தண்ணீர் இறங்க இறங்க அங்கங்கே உட்கார்ந்திருந்தன. டிரெடிலின் சக்கரத்தில் ஒரு 'கொ'வின் கொம்பு. ஜன்னல் கம்பியில் இரண்டு ம. பரணில் ஓர் ஆ, பழைய காலண்டர்மேல் படுத்துக்கொண்டு. பாதிக்கு மேல் கதவிடுக்கு வழியாகத் தெருவுக்குப் போய், தெருவிலிருந்து ஆற்றுக்குப் போயிருக்க வேண்டும். புன்னைக்காயல் வரையில் போயிருந்தாலும் ஆச்சரியம் இல்லை.

கிடைத்ததையெல்லாம் பொறுக்கித் தகப்பனார் மடியில் போட்டோம். அவர் ஒவ்வொன்றாகத் தடவினார். விரல் பட்டதும் பெயர் சொன்னார். "சை... டு... இது பென்ஷன் ணை... த..." சேறு அப்பிய எழுத்தைக்கூட ஒரு கணத்தில் சொல்லிவிட்டார். நாம் அறை முழுவதும் தேடினோம். எதைத் தேடுகிறோம் என்று அவர் சொல்லவும் இல்லை. நாம் கேட்கவும் இல்லை. கடைசியில் கேஸின் அடியில் ஒரு ழ அகப்பட்டது. நமக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் கையில் கொடுத்தோம். ஒரு தடவு தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது இல்ல. இது செல்லரிச்ச ழ. கண்ணு போனது. மொதல்ல இருந்ததே ரெண்டு ழதான். ஒண்ணு இது."

"இன்னொண்ணு?"

"அழைப்பிதழ்னு தலைப்புக் கோத்துக் கட்டி வச்சிருந்தோம். ஆனி முகூர்த்தம். அந்தக் கட்டைப் பிரிக்க வேண்டாம்னுட்டாரு மொதலாளி. கொடைக்காரங்க அன்னைக்கே நோட்டீஸ் கேட்டு நிக்காங்க. நாளைக்கு அடிச்சுத் தாரேம்னேன். கேக்கல. 'ள-வைப் போடும், சனங்களுக்குத் தெரியும்'னாரு."

முப்பது வருஷம் கழித்து, சேற்றில் நின்றுகொண்டு, இதைக் கேட்டோம். "அப்பவே சொல்லியிருக்கலாமே, அப்பா" என்றோம். குரல் நமக்கே சரியாக இல்லை.

"என்னத்தச் சொல்ல? அச்சுல வந்தது தப்பு. கோத்தது என் கை" என்றார். பிறகு சிறிது நேரம் மடியில் இருந்த எழுத்துக்களை அடுக்கிக்கொண்டிருந்தார். "ஆசாரிட்ட ஒரு கட்டை கேட்டேன். பூவரசு தாரேம்னாரு. விளாங்கட்டை இருந்தாத் தாரும்னேன்."

நமக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியபோது ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டோம். அவருக்குக் கண் தெரியாது என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

விளாங்கட்டை ழ அகப்படவில்லை. முதலாளியின் மகன் மர எழுத்துக்களுக்குக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முப்பத்தேழு எழுத்து வீட்டுக்கு வந்தன. நிழலில் உலர்த்தி நல்லெண்ணெய் தடவி வைத்திருக்கிறோம். சில வெடித்துவிட்டன.

பிறகு ஒரு நாள் அம்மாவின் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினோம். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. சேலைகளுக்கு அடியில் பூச்சி வராமல் காகிதம் விரித்து வைக்கிற வழக்கம் அவளுக்கு உண்டு. அங்கே மஞ்சள் நிற நோட்டீஸ் ஒன்று இருந்தது. 'திருவிழா.' ழ சாய்ந்துகொண்டு நின்றது. ஒரே ஒரு நோட்டீஸ்தான். அச்சுக்கூடத்திலிருந்து எத்தனையோ காகிதம் வீட்டுக்கு வந்திருக்கும். அதில் இதை மட்டும் ஏன் விரித்தாள் என்று கேட்க இப்போது ஆள் இல்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இருக்கிறான். கணக்கில் அவன் எடுக்கும் மார்க்கைச் சொன்னால் அவன் கோபித்துக்கொள்வான். ஆனால் கம்ப்யூட்டரில் படம் வரைவதில் சூரன். ஆண்டு விழாவுக்கு வாசலில் கட்டும் பிளெக்ஸ் அவன் பொறுப்பு. கூப்பர் பிளாக்கைத் தமிழில் போட்டாற்போல ஒரு குண்டெழுத்தைக் கம்ப்யூட்டரில் கண்டுபிடித்து வைத்திருந்தான். அவனிடம் மஞ்சள் நோட்டீஸைக் காட்டினோம். போனில் படம் பிடித்து, ழ-வின் ஓரத்தைச் சுற்றிக் கோடு இழுத்து, நிரப்பி, பெரிதாக்கி, மற்ற எழுத்துக்களின் நடுவே உட்கார வைத்தான். அரை மணி நேர வேலை. தகப்பனாருக்கு நான்கைந்து இரவு ஆயிற்று.

"சார், இது சாஞ்சிருக்கு. நிமித்திரட்டுமா?" என்றான்.

"வேண்டாம்" என்றோம்.

சக ஆசிரியர் ஒருவர் பார்த்துவிட்டு, "பையன் ஏதோ தப்புப் பண்ணிவிட்டான் போலிருக்கிறதே!" என்றார். நாம் பதில் சொல்லவில்லை. இந்த முறை சிரிக்கவும் இல்லை.

விழா அன்று காலையில், கூட்டம் வருவதற்கு முன்னால், தகப்பனாரை ஆட்டோவில் கூட்டி வந்தோம். பிளெக்ஸ் இன்னும் கட்டப்படாமல் வராந்தாச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. எதிரில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். அவர் இரண்டு கைகளையும் நீட்டித் தடவினார். மேலிருந்து கீழே, இடமிருந்து வலம். திரும்பத் திரும்பத் தடவினார்.

"எங்கய்யா இருக்கு எழுத்து? வழவழன்னுல்லா இருக்கு. ஒண்ணும் தட்டுப்படலையே" என்றார்.

இதை நாம் நினைத்துப் பார்க்கவே இல்லை. பிளெக்ஸில் எழுத்துக்கு மேடு ஏது, பள்ளம் ஏது? பையன் ஓடி வந்து பக்கத்தில் நின்றான். நாம் தகப்பனாரின் சுட்டுவிரலைப் பிடித்தோம். நகக்கண்ணில் கறுப்பு இல்லை. அது போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ழ-வின் தலையில் விரலை வைத்து, அதன் ஓரத்தோடு மெதுவாக நகர்த்தினோம். வயிற்றைச் சுற்றி வந்து, வலப்பக்கம் சாய்கிற இடத்தில், நாம் நகர்த்துவதற்கு முன்னால் அந்த விரல் தானே நின்றது.

"இந்த எடத்துலதான் உளி வழுக்கிச்சு" என்றார்.